தீப்பெட்டி அளவு இடம்

சீலிங்குக்குப் பெயின்ட் அடிப்பவருக்குக் கை மேலே போகாவிட்டால் பிழைப்பு என்ன ஆவது? அதனால்தான் பெயின்டர் மூன்று வாரமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏணி சரிந்து வலது தோள் மூட்டு கழன்றபோது ஆஸ்பத்திரிக்குப் போனால் மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும் என்று, கூட வேலை பார்ப்பவரை விட்டே இழுத்துத் தள்ளச் சொன்ன மகானுபாவர் அவர். மூட்டு 'டொக்' என்று உட்கார்ந்தது. பெரிய வைத்தியம் பார்த்துவிட்ட மிதப்பில் இருவரும் டீ குடித்தார்கள். அதன்பின் கைதான் எழும்ப மறுத்தது.

மேஸ்திரி மோப்பம் பிடித்துவிட்டார். "திங்கக்கிழமை டாக்டர் சர்டிபிகேட்டோட வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். கதவை மறைத்தாற்போல் மனைவி நின்றாள். எழுந்து ஓடக்கூட வழியில்லை.

"மூட்டு கழன்டுச்சா?" என்றார் டாக்டரம்மா.

"சேச்சே, லேசா இடிச்சுக்கிட்டேன்."

"தோளுக்கு வர்ற நரம்புல ஒண்ணு கை எலும்பைச் சுத்திக்கிட்டு வருது. மூட்டு கழன்டா அது இழுபட்டுடும். கையைத் தூக்கறதுக்கும் அது வேணும், தோளோட வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சியும் அதுதான் குடுக்குது. அது நல்லா இருந்தா கையெழுத்துப் போட்டுடறேன். கண்ணை மூடிக்கோங்க. ஊசி முனை பட்டா சொல்லுங்க."

கழுத்தில் பட்டது. முழங்கையில் பட்டது. அப்புறம் ஸ்டூல் கிறீச்சிட்டது, எதுவும் படவில்லை. தோளின் வெளிப்புறத்தில், தீப்பெட்டி அளவு இடம் செத்துக் கிடந்தது. ஆனாலும் ஆள் கில்லாடி. டாக்டரம்மா முன்னால் சாயும்போதெல்லாம் ஸ்டூல் கத்துகிறதே!

கிறீச். "ம்."

கிறீச். "ம்."

கிறீச். "ம், நல்லாவே குத்துது."

கொஞ்ச நேரம் ஸ்டூல் சத்தமே இல்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. ஏமாறுவேனா என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

"இப்ப தோள்ல ஏதாவது படுதா?"

"இல்லீங்க," என்றார். அன்றைக்கு அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

"கண்ணைத் திறங்க. ஊசியை அப்பவே மேசை மேல வெச்சுட்டேன். கடைசி ரெண்டு தடவை சும்மா ஸ்டூலைத்தான் ஆட்டினேன்."

திரும்பிப் பார்த்தார். கதவை விட்டு அருகில் வந்திருந்த மனைவியின் இரண்டு விரல்கள் அந்த இடத்தில் இருந்தன. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எப்ப வெச்சே?"

"அப்பவே வெச்சுட்டேங்க," என்றாள். "தட்டிக்கூடப் பார்த்தேன்."

டாக்டரம்மா சர்டிபிகேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஏணிப் பக்கம் போகக்கூடாது."

அது அவர் காதில் ஏறவில்லை. மனைவியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து," என்றார்.

அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.