மொட்டைப்பனை

இன்னாசித்தம்பி நாசமாய்ப் போகவேண்டும். முல்லைத்தீவுக் கரையில் சங்கு குளிக்கிற யாக்கோப்புக்கு அந்த வருடம் வேறு வேண்டுதலே இல்லை. கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாலும் அதற்குத்தான்.

காரணம் இல்லாமலா? இன்னாசி வேறு யாருமில்லை, பெண்சாதி ஜோசப்பினின் கூடப்பிறந்த தம்பி. யாக்கோப்பு காய்ச்சலில் கிடந்தபோது, வீடு பட்டினி கிடக்கக்கூடாதே என்று தன் பாரின் குறியை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு; சங்கும் கடலட்டையும் அதைச் சுற்றித்தான் கிடக்கும். கரையில் நிற்கும் ஒற்றைப்பனை கோயில் சிலுவையை மறைக்கிற நேரில் வள்ளத்தை ஓட்டிப்போய், குண்டுக்கயிறு விட்டு ஆழம் பார்த்தால் பார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குக்கூட எவனும் சொல்லாத குறி அது. அந்தப் படுபாவி என்ன செய்தான்? ஒரு முதலாளியைப் பிடித்து, வெளியூர் ஆட்களை இறக்கி, குஞ்சு குருமன் பாராமல் வழித்தெடுத்தான். காய்ச்சல் மாறி வந்த அத்தானுக்கு வள்ளத்தில் இடமில்லை என்றுவிட்டான்.

பிறகு அறுபத்து நாலு மார்கழிப் புயல். கடல் ஊருக்குள் ஏறித் திரும்பியது. கரை முழுக்கச் செத்த சங்கும் அட்டையும் நண்டும் குவிந்து நாறின. வீடிழந்த இன்னாசி உள்நாட்டில், மல்லாவியில், பெண்சாதியின் ஆட்களிடம் போய் ஒதுங்கினான். ஒற்றைப்பனை தலை பறந்து முறிந்து கிடந்ததைக் கண்ட யாக்கோப்புக்கு வயிறு குளிர்ந்தது.

ஊர் ஞாயிற்றுப் பூசையில் இருக்க, பனையின் மேல்துண்டை உருட்டிக்கொண்டுபோய் வடக்கே தள்ளி ஒரு மணல்மேட்டில் நட்டான். அடிக்கட்டையை மண் போட்டு மூடி, தனக்கு மட்டும் தெரிய ஒரு தடி ஊன்றினான். புயலில் ஊரே இடம் மாறிக் கிடந்தது. ஒரு பனையை யார் கவனித்தார்கள்? இனி அந்த மொட்டைப்பனையை நம்பி ஓடுகிறவன் வெறும் சேற்றைத் தடவட்டும். முதலாளியிடம் பேச்சு வாங்கட்டும், வள்ளத்தை விற்கட்டும்.

பங்குனியில் தண்ணீர் தெளிந்தது. இன்னாசி திரும்பி வந்து, மொட்டைப்பனையைப் பிடித்துக் கடலுக்குப் போனான். யாக்கோப்பு இரவல் வள்ளத்தில், ஊன்றிய தடியை வைத்து உண்மையான நேரைப் பிடித்துப் போய்க் குதித்தான்.

கீழே பாரே இல்லை. முழங்கை வரை தோண்டினாலும் மணல். அதற்குள் வாய் பிளந்த சிப்பியும் வெற்றுச் சங்கும். புயல் கடலடியைப் புரட்டி எல்லாவற்றையும் உயிரோடு புதைத்திருந்தது. மேலே வந்து மூச்சு விட்டால், வடக்கே இன்னாசியின் வள்ளத்தில் சாக்குச் சாக்காய் ஏற்றுகிறார்கள்.

கரை சேர்ந்ததும் இன்னாசி நேரே மணல்மேட்டுக்கு ஓடினான். பனையை அசைத்தான், வேரில்லாததைக் கண்டான். பின்னால் வந்த யாக்கோப்பு ஓரடி பின்வாங்கினான். இன்னாசியோ பொத்தென்று விழுந்து அத்தானின் காலைப் பிடித்தான்.

"பாரை மண் மூடிப்போட்டுது, உயிரெல்லாம் அடிபட்டு வந்து இந்தப் பள்ளத்துக்கைதான் ஒதுங்கிக் கிடக்குதெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் செய்த துரோகத்துக்குப் பிறகும் எனக்குக் குறி நட்டு வைச்சிருக்கிறியள், அத்தான்."

 உண்மையைச் சொன்னால் ஊர் காறித் துப்பும். ஜோசப்பினும் பக்கத்தில் வந்து நின்று, கண் கலங்கப் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "பனை ஆடுது, அத்தான். பிடியுங்கோ, நான் கல்லு வைச்சு இறுக்கிறன்."

யாக்கோப்பு பிடித்தான். இன்னாசியின் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி, விரல் வெளுக்கப் பிடித்தான். பனை ஆடாமல் நின்றது.