இரண்டாவது ஸ்லாட்

எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு அதை அட்டனில் இருக்கும் இல்ஹாம் நானாவின் கம்பியூட்டர் கடை வரைக்கும் சுமந்துபோய்க் கொட்டினேன்.

"வேல செய்யாத ரேம தந்துட்டீங்க நானா. ராத்திரி போட்டுப் பாத்தேன். எட்டு ஜிபி காட்டணும், இன்னும் நாலுதான் காட்டுது."

கடையில் நின்ற நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானாவின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்து, பரீட்சை எல்லாம் முடித்திருந்தேன். எட்டு ஜிபி ரேம் இருக்கிறது என்று திரையைப் படமெடுத்து அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மறுபடி கொழும்புத் துணிக்கடைதான். இரண்டு வருடம் அங்கே நின்று நின்றே என் கால் வீங்கியது. நோட்டன் பிரிட்ஜ் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அம்மா மறுபடி தனியாக இருப்பாள்.

லேப்டாப் நான் படிக்கும் காலத்தில் பழையதாக வாங்கியது. அதில் இருந்தது நாலு ஜிபிதான்; இன்னொரு நாலைச் சேர்க்கத்தான் நானாவிடம் ரேம் வாங்கினேன். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும் என்பதால் லினக்ஸ் போட்டிருக்கிறேன். நானா அதைத் திறந்து, ரேம் அளவைக் காட்டும் free -h கட்டளையை அடிக்கச் சொன்னார். 3.7 ஜிபி என்று வந்தது.

"சத்தம் போட முந்தி, மாத்திப் போட்டுப் பாத்தீங்களா தங்கச்சி?"

பார்க்கவில்லை. படித்தவள் என்று பெயர்தான். நானா பழைய ரேமைக் கழற்றிவிட்டுப் புதியதை, ரேம் செருகும் முதல் ஸ்லாட்டில் போட்டார். மெஷின் ஒழுங்காக எழும்பியது. பழையதை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டார். மறுபடி 3.7. எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று dmidecode போட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை என்று அது சாதித்தது. ரேம் இரண்டும் நல்லவை. கெட்டது என் லேப்டாப்பின் ஸ்லாட். என் முகத்தில் ஈயாடவில்லை.

நானா டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"இதென்ன, கருவாடு சுட்ட அடுப்பு மாதிரி மணக்குது? எங்க வச்சிருந்தீங்க?"

அம்மா தோட்ட வேலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் நேரம். போன் போட்டேன்.

"அம்மா, நான் கொழும்புல இருக்கையில லேப்டாப்ப எங்க வச்சிருந்த?"

"அடுப்புக்கு மேல, வெறகு காயிற பரண்ல. பனியில பூஞ்சணம் பூத்துப் போயிரும்ல? லயத்துல காஞ்ச எடம் அது ஒண்ணுதானே."

"ரெண்டு வருசமும் பொகையிலயா? ஒனக்கு அறிவே கெடையாதா?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

முதல் ஸ்லாட்டில் எப்போதும் ரேம் இருந்ததால் புகை அதன் உள்ளே போகவில்லை. காலியாகக் கிடந்த இரண்டாவதுதான் இரண்டு வருடப் புகையையும் வாங்கியிருந்தது. நானா பெட்டரியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தார். பிரஷ் பழுப்பாக வந்தது. காயவைத்துப் போட்டோம். 3.7. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை நாலு இருபத்தைந்துக்கு 7.6 என்று வந்தது. மிச்சத்தை மெஷின் திரைக்கு என்று எடுத்துக்கொள்ளும். எட்டுக் கணக்கு சரி. இரண்டு ஸ்லாட்டும் நிறைந்திருப்பதைக் காட்டும் திரையைப் படமெடுத்து உடனே அனுப்பினேன்.

"மன்னிச்சிருங்க நானா," என்றேன்.

"அந்த நாலு பேரும் போன பொறகு சொல்லி என்ன பிரயோசனம்?" என்று சிரித்தார்.

பஸ்ஸில் இருக்கும்போது பதில் வந்தது. திங்கட்கிழமை வேலை தொடக்கம். சந்தோஷத்தைவிட, அம்மாவிடம் கத்தியதுதான் வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மாவின் தகரப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. அடியில் பழைய கம்பளித் துண்டு விரித்திருந்தாள். அவளுடைய சேலைகள், கல்யாணப் பட்டு உட்பட, அடுப்புக்கு மேலே பரணில் விறகோடு இருந்தன.

"லேப்டாப்ப இனிமே பொட்டியில வச்சுக்க," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"சீலையில பொகை ஏறாதாம்மா?"

"சீலையத் தொவைச்சுக்கலாம். அதத் தொவைக்க முடியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைகளை ஒவ்வொன்றாக இறக்கி உதறிப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கினேன்.

"அப்ப அத எங்கடி எடுத்து வைப்ப?"

"எடுத்தே வைக்க வேணாம்மா. திங்கக்கெழமையில இருந்து தெனமும் நான் இங்கதான் இருப்பேன்."