நாலு மணிக்குள் ஒரு ஜெட்

நான் வேலை பார்த்த விமானக் கம்பெனி எட்டு மாதங்களுக்கு முன்னால் மூடிவிட்டது. பதினோராயிரம் மணி நேரம் பறந்தவன் நான். அதை வைத்துக்கொண்டு இன்று ஒரு எட்டு சீட்டு தனியார் ஜெட்டைக்கூடத் தொட முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாகப் படித்து, தனியாகத் தேறி, லைசென்ஸில் அதன் பெயரை ஏற்றிக்கொள்ள வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். அது இருந்தால் ஒப்பந்த வேலை கிடைக்கும். அதாவது, யாரோ ஒரு பணக்காரருடைய பைலட்டுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குப் போன் வரும். அடுத்தவனுக்கு எப்போது உடம்புக்கு முடியாமல் போகும் என்று காத்திருக்கிற பிழைப்பு.

எந்த ரகத்தை எடுப்பது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டு மேசையில், ரகத்துக்கு ஒன்றாக நல்லது கெட்டதை எழுதிய இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சின்ன ஜெட் என்றால் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். பெரிய ஜெட் கடல் தாண்டும். ஓட்டுபவர்கள் குறைவு, போன் ஓயாது. ஆனால் மாதத்தில் இருபது நாள் ஏதோ ஒரு ஹோட்டல் அறையில், முதலாளி எப்போது கிளம்புவாரோ என்று சட்டை கசங்காமல் காத்திருக்க வேண்டும். இரண்டையும் படிக்க வழியில்லை. ஒன்றுதான்.

எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கம்பெனி மூடிய நாளிலிருந்து அப்படித்தான். ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மொட்டை கூப்பிட்டான். ஆறு வருடம் என் பக்கத்து சீட்டில் பறந்த துணை விமானி. தலை நிறைய முடி. அதனால்தான் அந்தப் பெயர்.

"கேப்டன், நான் பெரிய ஜெட் படிப்புக்குச் சேந்துட்டேன். சிமுலேட்டர்ல ரெண்டு ரெண்டு பேராத்தான் உக்கார விடுவாங்க. என் ஜோடி கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான். உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன். நாலு மணிக்குள்ள படிவம் போயாகணும், போட்டோவோட."

"நாலு மணிக்குள்ள, போட்டோவோட," என்றேன்.

"சரிங்கிறீங்களா, இல்ல ரேடியோல பேசுறீங்களா?" என்று சிரித்தான்.

அது எங்கள் தொழில் புத்தி. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து என்ன சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரியாகக் கேட்டீர்கள்' என்று அவர்கள் சொன்னால் விஷயம் முடிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அது வாயோடு ஒட்டிக்கொண்டது. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிவிட்டாலே பதில் சொன்னதாக எங்களுக்கு நினைப்பு. இதைச் சொல்லியே வீட்டில் மனைவி என்னைக் கிண்டல் செய்வாள், கிண்டல் செய்த காலத்தில்.

இரண்டரைக்கு மனைவி வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"விட்டுட்டுப் போன இடத்துலயே இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கீங்களே. இன்னுமா முடிவு பண்ணல?"

மொட்டை சொன்னதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, சின்ன ஜெட் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். 'சாயங்காலம் வீடு' என்பதை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று ஒரு எண்ணம். அவள் நின்றபடியே இரண்டையும் படித்தாள்.

"பெருசையே எடுங்க."

"பெருசு," என்றேன்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

பையை நாற்காலியில் வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முன்னாடியெல்லாம் எந்த ஊர்ல இறங்கினாலும் போன் பண்ணுவீங்க. என்ன சாப்ட்ட, லேப்ல இன்னைக்கு யார் மயக்கம் போட்டு விழுந்தாங்கன்னு நோண்டி நோண்டிக் கேப்பீங்க. போதும் வைங்கன்னு நானே சொல்லணும். இப்ப எட்டு மாசமா ஒரே வீட்டுலதான் இருக்கோம். சாப்ட்டியான்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

"ஒரு தடவைகூடக் கேக்கல," என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா," என்றாள். "சரியாக் கேட்டீங்க."

உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அழுகை வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை. மணி மூன்று பத்து. போட்டோ வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கினேன்.

எதிர்ச் சாரியில் ஒரு போட்டோக் கடை. முக்காலியில் உட்கார வைத்து, முகவாயை நிமிர்த்திவிட்டு, "கொஞ்சம் உயிரோட பாருங்க சார்," என்றார் கடைக்காரர். எடுத்து முடித்து போனுக்கே படத்தை அனுப்பினார். கடை வாசலில் நின்று பார்த்தேன். எந்தப் படிவத்திலும் ஒட்டலாம், அப்படியொரு முகம். போன் கையில்தான் இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"எங்க போனீங்க?"

"போட்டோ எடுக்க வந்தேன். நீ என்ன சாப்ட்ட?"

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஜன்னல் எனக்குத் தெரிந்தது. அதில் யாரும் இல்லை.

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை," என்றாள். "முட்டை சரியா வேகல." பிறகு, ஊசியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒரு போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னாள். அவரை வெளியே இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்ததாம். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் பேசினோம். எட்டு மாதத்தில் மொத்தமாக அவ்வளவு பேசியிருப்போமா தெரியாது.

மேலே போய் இதையே நேருக்கு நேர் பேசலாம் என்று தோன்றியது. போனால் பேசமாட்டேன் என்றும் தெரிந்தது. மூன்று ஐம்பதுக்கு, கடை வாசலில் நின்றபடியே, பெரிய ஜெட்டுக்கான படிவத்தை அனுப்பினேன். திரும்ப அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சரி," என்றாள். "வீட்டுக்கு வந்து சேந்ததும் போன்ல கூப்பிடுங்க."