காலியாகத் திரும்பிய கேரியர்

துறையூர் பஸ் காலை எட்டு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நுழையும்போது பிரவீன்ராஜ் அங்கே நிற்பான். கண்டக்டர் இறக்கித் தரும் நாலடுக்குக் கேரியரில், ஓட்டக்காரியான தங்கை சுபலட்சுமிக்கு ஊரில் அம்மா கட்டிய சோறு இருக்கும். அண்ணனும் தங்கையும் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் கல்லூரி மாணவி. காலையும் மாலையும் ஸ்டேடியத்தில் ஓடினாள். இன்னும் மூன்று வாரத்தில் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்குத்தான் இடம்.

பிரவீனுக்குத் தென்னூரில் செல்போன் கடை வேலை. ஒன்பது மணி நேரம் நாற்காலி, ஒரு மணி நேரம் ஜிம். அவன் தொப்பையைப் பார்த்த ஜிம் மாஸ்டர் ஒரு சார்ட் எழுதிக் கொடுத்திருந்தார்: சோறு கூடாது, முட்டை வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், சூப். நல்லதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை பிரவீன். ஜெராக்ஸ் எடுத்துத் தங்கைக்கும் கொடுத்தான்.

“சோறு தின்னா உடம்பு கனத்துரும் சுபா. அப்பறம் எப்புடி ஓடுவ?”

“அப்ப கேரியருண்ணே?”

அம்மா அனுப்பிய சோற்றைக் கொட்டுவது பாவமல்லவா? அந்தப் பாவம் நேராமல் பிரவீனே தினமும் தின்று தீர்த்தான், சார்ட்டில் இருந்த முட்டைக்கும் மேலே. கேரியர் வழித்துத் துடைத்தாற்போல ஊருக்குத் திரும்பியது. அம்மா பூரித்துப்போய் மறுநாள் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

“நல்லா சாப்புடுறாம்மா, நீ கவலப்படாத” என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். போட்டபின் குரலில் ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான்.

பத்தாம் நாள் சுபா மூன்றாவது சுற்றில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். கோச் லூர்துராணி பிரவீனை வரச் சொல்லி, சார்ட்டை வாங்கிப் படித்தார்.

“இது யாருக்கு எழுதுனது தம்பி?”

“எனக்குத்தான் மேடம்.”

“நீங்க எத்தன கிலோமீட்டர் ஓடுறீங்க?”

“நான்... பஸ்ல போறேன் மேடம்.”

“இவ தெனம் பன்னெண்டு கிலோமீட்டர் ஓடுறா. ஓட்டத்துக்கு முன்னாடியும் சோறு வேணும், முடிச்சதும் வேணும். முட்டையில மஞ்சக்கருவ யாரு எடுக்கச் சொன்னா? சரி, வீட்டுலேருந்து சோறு வருதாமே, அத யாரு திங்கிறா?”

சுபா திரும்பி, அண்ணனின் தொப்பையில் இறுகிய சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். கோச்சும் அதையே பார்த்தார்.

அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் கேரியரைச் சுபாவே வாங்கிக்கொண்டாள். பிரவீன் முதல் முறையாகச் சார்ட்டில் எழுதியிருந்ததை மட்டும் சாப்பிட்டான். நாலாம் நாள் ஜிம்மில் அவனுக்குக் கை நடுங்கியது. “இப்பத்தான் வேலை செய்யுது” என்று மாஸ்டர் தட்டிக்கொடுத்தார்.

தேர்வுப் போட்டியன்று கடைசி வளைவு வரை சுபா நாலாவதாகத்தான் வந்தாள். பிறகு ஒருத்தியைத் தாண்டினாள். கோடு நெருங்கும்போது இன்னொருத்தியையும் தாண்டினாள். “சுபா!” என்று கத்தியபடி கேலரியில் எழுந்த பிரவீனுக்குக் கண் இருட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“ரெண்டாவது வந்துருச்சுங்க!” என்றார் பக்கத்திலிருந்தவர். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “குடிங்க தம்பி. ஓடுன புள்ள நல்லாத்தான் இருக்கு.”