மேலே சொன்னது கீழே செல்லாது

அந்தப் பாலைவனப் பீடபூமிக்கு ஏறிய எவனுக்கும் மூளை முழுசாக வேலை செய்வதில்லை. ஐயாயிரம் மீட்டர் உயரம். காற்று பாதிதான். மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகிக்கொண்டுதான் மண் வெட்டவேண்டும், கம்பி இழுக்கவேண்டும், கிண்ணம் போலிருக்கும் தொலைநோக்கிகளைத் துடைக்கவேண்டும். குழாய் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால், பிறகு வாயிலிருந்து என்ன வரும் என்று வாய்க்காரனுக்கே தெரியாது. ஒரு வெல்டர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நரிக்குப் போர்த்திவிட்டு, அது நன்றி சொல்லவில்லை என்று தேம்பித் தேம்பி அழுதான். ஒரு விஞ்ஞானி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அடுத்த மூச்சில் அதே வேலைக்கு மனுப் போட்டார்.

ஆகவே அங்கே ஒரு வழக்கம். மேலே சொன்னது எதுவும் செல்லாது. முகாமுக்கு இறங்கி வந்து, மூச்சு சீரான பிறகு அதையே திரும்பச் சொன்னால்தான் செல்லும்.

ரெமிஹியோ கோல்கே வண்டி ஓட்டுபவன். வீடு மாதிரிக் கனக்கும் தொலைநோக்கிக் கிண்ணங்களைத் தூக்கிச் சுமந்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிற பெரிய வண்டி அது. நாற்பத்தைந்து வயது, உதடு எப்போதும் வெடித்திருக்கும். முகாம் சமையலறையில் தலைமைக்காரி எர்சிலியா. புருஷன் செத்துப்போனவள். இரண்டு வருஷமாக அவளிடம் மனதைத் திறக்கவேண்டும் என்று தட்டோடு வரிசையில் நிற்பான். முறை வந்ததும், "உப்பு இருக்குங்களா" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அவன் உப்பே சேர்க்காதவன்.

இதற்கிடையில் கீழே கலாமா ஊரிலிருந்து ரொட்டி கொண்டுவரும் கடைக்காரர் அவளைப் பெண் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறேன் என்று எர்சிலியா சொல்லியிருந்தாள். அன்று சனி.

அன்று காலை மேலே கிண்ணத்தை அதன் மேடையில் இறக்கி வைத்ததும், மூக்கு சிந்துவதற்காக ரெமிஹியோ குழாயைக் கழற்றினான். கழற்றியவன் மாட்ட மறந்துபோனான். அரை மணி கழித்து, வேலை முடிந்தது என்று தகவல் சொல்ல வாக்கி-டாக்கியை எடுத்தான். அதில் அவன் சொன்னது இதுதான்:

"எர்சிலியா கண்ணு. உன் சூப்புல மிதக்கிற சோளக்கதிரா நான் பொறந்திருக்கக் கூடாதா. உனக்கு ஒரு பால்வீதி வாங்கித் தர்றேன். ரெண்டு வேணும்னாலும் சொல்லு, இங்க கேப்பாரில்லாம நெறைய கெடக்கு. என்னைக் கட்டிக்கிறியா?"

அந்த அலைவரிசை காவல் கேட்டிலும் கேட்கும், கட்டுப்பாட்டு அறையிலும் கேட்கும், எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று தெரிவதற்காகச் சமையலறையிலும் கேட்கும். பதிலுக்கு எர்சிலியாவின் குரல் வந்தது.

"சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வர்றீங்க?"

கூட வேலை பார்க்கும் நிபால்டோ ஓடிப்போய் அவன் மூக்கில் குழாயைச் செருகினான். நாலு மூச்சு இழுத்ததும் ரெமிஹியோவின் முகம் வெளுத்தது.

"டேய், நான் என்னடா சொன்னேன்?"

"பெருசா ஒண்ணுமில்ல. பால்வீதிக்கு விலை பேசிட்ட."

இருவரும் வண்டியில் இறங்கி வந்தார்கள். முகாம் வாசலிலேயே முதலுதவிக்காரர் தாப்பியா காத்திருந்தார்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? கீழ வந்து சொல்லட்டும், சொல்லலைன்னா காத்துல போச்சுன்னு விட்டுட்டு ரொட்டிக்காரருக்கு சரின்னு சொல்லிடுவேன்னுது. விரலை நீட்டு." ரெமிஹியோவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "தொண்ணூத்தாறு. ஆள் தெளிவு. இனிமே சொன்னா செல்லும்."

சாப்பாட்டுக்கூடத்தில் விஞ்ஞானிகள் ஒரே கும்மாளம். எங்கோ கடைக்கோடியில் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தில் ஆக்சிஜன் தெரிகிறதாம். பிரபஞ்சம் கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிய வெளிச்சமாம் அது. அவ்வளவு சீக்கிரம் அங்கே ஆக்சிஜன் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை என்று கண்ணாடிக்காரர் ஒருவர் வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவ்வளவு தூரத்துல இருக்கிறது உங்களுக்குத் தெரியுது சார்," என்றான் நிபால்டோ. "இவன் மூக்குல இல்லாதது எங்க யாருக்கும் தெரியலையே."

வரிசை நகர்ந்தது. ரெமிஹியோவின் முறை வந்தது. எர்சிலியா கரண்டியோடு நிமிர்ந்தாள். விஞ்ஞானிகள்கூட விண்மீனை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"உப்பு," என்றான் ரெமிஹியோ.

அவள் உப்பு டப்பாவை எடுத்து அவன் தட்டில் டக்கென்று வைத்தாள். "அப்புறம்?"

அவன் உப்பைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"என் வீட்டுக் கூரையில ஓட்டை இருக்குங்க. நம்ம பக்கம் மழையே பெய்யாததால இதுவரைக்கும் தெரியல. எங்கம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். குறட்டை விடுவேன். பால்வீதியெல்லாம் என்னால ஆகாது, அது சும்மா சொன்னது. மத்தது சும்மா சொன்னதில்ல."

"மத்ததுன்னா எது?"

"கட்டிக்கிறீங்களா?"

"வாங்க போங்கன்னா நான் உனக்குப் பொண்டாட்டியா, மேஸ்திரியா?"

"கட்டிக்கிறியா?"

எர்சிலியா ஒரு கரண்டி காசுவேலா சூப்பை அள்ளி அவன் தட்டில் ஊற்றினாள். இறைச்சித் துண்டு இரண்டு விழுந்தது. மற்ற எல்லோருக்கும் ஒன்றுதான்.

"ரொட்டிக்காரரும் கேட்டார்," என்றாள். "ரெண்டு கடை, ஒரு கார், பல்லு எல்லாம் சொந்தப் பல்லுன்னு ஒப்பிச்சார். ஓட்டையைப் பத்தி மூச்சு விடல. ஓட்டையில்லாத வீடு எங்கய்யா இருக்கு? சரி, கட்டிக்கிறேன். கூரையை நீதான் அடைக்கணும்."

ரெமிஹியோ தட்டை எடுக்காமல் அங்கேயே நின்றான். கண்ணாடிக்காரர் கைதட்டத் தொடங்கினார். பின்னாலிருந்து மற்றவர்களும் தட்டினார்கள். தாப்பியா ஓடிவந்து மறுபடியும் அவன் விரலைப் பிடித்தார்.

"விடுங்க சார், அவன் நல்லாத்தான் இருக்கான்," என்றான் நிபால்டோ. "ரெமிஹியோ, கல்யாணம் முடிவாயிடுச்சுல்ல? தட்டை எடுத்துட்டு நகருப்பா. எனக்குப் பசிக்குது."