சேலைனைக் குறைத்த மிஸ்

காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரியில் றிகாஸை நேர்ஸ்மாரின் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி பஹ்மியாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. காய்ச்சல் விட்டால் ஊருக்கு, கிண்ணியாவுக்கு அனுப்ப வேண்டியதுதானே?

"டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் ஆபத்து. இரத்தத்தில இருக்கிற நீர் வெளியில கசியும்" என்றார் டொக்டர் நிருபன்.

முதல் நாள் சேலைன் வேகமாக இறங்கியது. மறுநாள் மத்தியானம் நேர்ஸ் கமலாதேவி வந்து, குழாயிலிருந்த சிறு சக்கரத்தை உருட்டிக் குறைத்துவிட்டுப் போனாள். குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தாள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் அதே டெங்குவோடு கிடந்த கப்பல்துறை லொறி டிரைவருக்குச் சேலைன் விறுவிறென்று ஓடிக்கொண்டிருந்தது.

'அவர் அவங்கட ஆள், தமிழ் ஆள். நாங்க கிண்ணியா முஸ்லிம் ஆக்கள்.'

அந்த நினைப்பு வந்தபின் பஹ்மியாவுக்கு எல்லாமே அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. நேர்ஸ் மிஸ்மார் சிரித்தால் தங்களைப் பற்றித்தான், குரலைத் தாழ்த்திக் கதைத்தால் எதையோ மறைக்கத்தான். கமலாதேவி மருந்தறைக்குப் போன நேரம் பார்த்து அவள் சக்கரத்தை மேலே உருட்டிவிட்டாள். காலடிச் சத்தம் கேட்டதும் பழையபடி குறைத்தாள். பின்னேரம்வரை இப்படியே பல தடவை.

பொழுது சாயும் முன்னம் றிகாஸ் இருமத் தொடங்கினான்.

"ராத்தா, மூச்செடுக்க ஏலாம கிடக்கு."

டொக்டர் ஓடி வந்தார். ஒட்சிசன் போட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு சேலைன் பையைத் தூக்கிப் பார்த்து, "மிஸ், இவ்வளவு எப்பிடிப் போனது? கூட்டிவிட்டனீங்களா?" என்றார்.

"இல்லை டொக்டர். நான் குறைச்சுத்தான் விட்டனான்."

"அப்ப தானாக ஓடினதா?"

கமலாதேவியின் முகம் வெளிறிப்போனது. பழி தானாகவே வேறொருத்தி தலையில் விழுந்துவிட்டது. பஹ்மியா வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். ஆனால் தம்பியின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் கூட்டின, டொக்டர். கனக்கத் தடவை."

டொக்டர் அவளைத் திட்ட நிற்கவில்லை. சேலைனை நிறுத்தி, தம்பியை நிமிர்த்தி இருத்தி, சிறுநீர் போக ஊசி போட்டார். இருட்டுவதற்குள் மூச்சுத் திணறல் தணிந்தது.

அடுத்த நாள் காலை கமலாதேவி அவளை விறாந்தைக்குக் கூப்பிட்டாள்.

"பக்கத்துக் கட்டில்காரருக்கு நேத்துத்தான் கசியத் தொடங்கினது. உங்கட தம்பிக்குக் கசிஞ்ச நீர் இரத்தத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதுக்கு மேல ஊத்தினா நுரையீரலுக்குள்ள இறங்கிடும். ஏன் குறைக்கிறன் எண்டு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உண்மையச் சொல்லுவீங்க எண்டு நினைக்கல்ல, மிஸ்."

கமலாதேவி ஒரு கதிரையை வார்ட்டுக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டாள்.

"இனி இங்க இருங்கோ. உள்ள நான் பாக்கிறன்."

றிகாஸ் சுகமாகி வீட்டுக்குப் போகும்வரை பஹ்மியா அந்தக் கதிரையில்தான் இருந்தாள்.