கண்ணாடியில் நின்ற நோட்டுக்காரி

"அப்போ அந்தச் சீட்டை எழுதினது யாரு? முதல்ல அதைச் சொல்லு."

"அவளேதான். எதிர்காலத்துலேர்ந்து வந்து கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறா."

"தள்ளினது சரி. எழுதினது யாரு? அவ கையில இருக்கிறது, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவளுக்கே கிடைச்ச சீட்டு. அதையே கொண்டுபோய்த் தள்ளுறா. திரும்ப அதையே எடுக்குறா. நடுவுல பேனாவைத் திறந்தது யாரு?"

"வட்டம்டி அது. வட்டத்துக்கு ஏது ஆரம்பம்?"

"வட்டத்துக்கு இல்லாம இருக்கலாம், காகிதத்துக்கு உண்டுக்கா. ஒரு சுத்துக்கு ஒன்பது வருஷம் பழசாகுது. பத்தாவது சுத்துல தொண்ணூறு வருஷக் காகிதம். இன்னும் நாலு சுத்து போனா கதவுக்கு அடியில தூளைத்தான் தள்ளணும்."

அக்கா மேஜையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது அவள் தலைமேலேயே இருந்தது. தங்கை எட்டி அதை எடுத்துக் கையில் கொடுத்தாள். இருவருக்கும் இது தினப்படி நடக்கிற காரியம்.

எடிட்டிங் அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். எடிட்டர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அந்தத் தொடரின் எழுத்தாளர், இயக்குநர் இரண்டும். தங்கை கண்டின்யூட்டி பார்ப்பவள். போன காட்சியில் நாயகி டம்ளரை எந்தக் கையில் வைத்திருந்தாள், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்றெல்லாம் குறித்துவைத்து, அடுத்த காட்சியில் இம்மி பிசகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. யூனிட்டில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். "அக்கா டைரக்டர், அப்புறம் வேலை கிடைக்காம என்ன?" என்று அதே யூனிட்டில் முணுமுணுத்தவர்களும் உண்டு. அதனால்தான் ஒரு தப்புக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

தொடரின் நாயகி லிஃப்ட் பழுதுபார்ப்பவள். ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்டில் பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால், கதவு ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கட்டடத்தில் திறக்கும். முதல் பகுதியில் அவள் வீட்டுக் கதவடியில் ஒரு சீட்டு கிடக்கிறது: 'இன்று லிஃப்டில் ஏறாதே.' அவள் ஏறவில்லை. லிஃப்ட் அறுந்து விழுகிறது. சீட்டை எழுதியது யார் என்று பதினொரு பகுதிகளாக ஊரே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதியின் படப்பிடிப்பு வியாழக்கிழமை. அக்காவிடம் விடை இல்லை.

இல்லையென்றுதான் தங்கை நினைத்தாள்.

"சும்மா உன் வாயைக் கிளறினேன்," என்றாள் அக்கா. "விடை கிடைச்சிடுச்சு. இங்க பாரு."

திரையில் முதல் பகுதி ஓடியது. மழை. நாயகி தெருவைக் கடக்கிறாள். பின்னால் ஒரு பேக்கரியின் பெரிய கண்ணாடி. அக்கா படத்தை நிறுத்தி விரலை வைத்தாள். கண்ணாடிக்குள் ரெயின்கோட் தொப்பி மாட்டிய ஒரு பெண் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். முகவாய் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இரண்டு விநாடிகூட இல்லை.

தங்கை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"நெட்ல இவளுக்கு 'நோட்டுக்காரி'ன்னு பேரு. ஏழு மாசமா ஆளாளுக்கு இவளை வெச்சு ஒரு கதை சொல்றாங்க. எவனோ ஒருத்தன் படத்தைப் பெருசாக்கிப் பார்த்திருக்கான். நோட்டுல பச்சைக் கோடு. சீட்டுலயும் பச்சைக் கோடு! நாம போடாத விதையை அவங்க முளைக்க வெச்சுட்டாங்கடி. ஹீரோயின் சீட்டைத் தள்ள வர்றா, பையைத் திறந்தா உன் கணக்குப்படி வெறும் தூள். அப்போ இவ வர்றா. லிஃப்ட் விழுந்ததை முதல் தடவை கண்ணால பார்த்தவ இவதான். நோட்டுலேர்ந்து ஒரு தாளைக் கிழிச்சு எழுதிக் கொடுக்குறா. ஒவ்வொரு சுத்துக்கும் புதுத் தாள். எப்படி?"

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வேதனை.

"இனி ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. இது யாருன்னு துணை நடிகர் லிஸ்ட்ல பார்த்துச் சொல்லு."

பட்டியல் தங்கையின் மடியில்தான் இருந்தது. அதில் இல்லாத ஒருத்தியைத் தேடுவதுபோல அவள் தாள்களைப் புரட்டினாள். அந்த மழை நாள் கண்முன் வந்தது. சீட்டைக் கலைப் பிரிவினர் வேறு வண்டியில் விட்டுவிட்டு வந்ததால், அவள்தான் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். பிறகு நாயகியின் மோதிரம் விரல் மாறியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. சரியாகப் பார்க்க இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். மோதிரம் சரியான விரலில்தான் இருந்தது. இல்லாத தப்பைத் தடுக்கப் போய் ஒரு தப்பைப் பெற்றுவைத்தாள். முதல் பகுதி ஒளிபரப்பானபோதுதான் பேக்கரிக் கண்ணாடியில் தன் பிம்பம் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அன்று முதல் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைகிறாள்.

"அவங்க... வேற ஊருக்குப் போயிட்டாங்களாம்க்கா."

"போனா போகட்டும். முகம்தான் தெரியலையே. ஹீரோயினோட டூப் பொண்ணுக்கு ரெயின்கோட்டை மாட்டிவிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அத்தோடு முடிந்தது. தப்பித்தாயிற்று. தங்கை பட்டியலை மூடினாள். மூடியவள் வாய் மூடவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு வலது கை."

"இருக்கட்டுமே."

"கண்ணாடியில இடம் வலமா மாறித் தெரியுது, நோட்டுக்காரி இடது கையால எழுதுறா. பென்சிலை நாலு விரலால பிடிக்கிறா. வேற ஆளை நிக்க வெச்சா தப்பாயிடும்க்கா."

"நாலு விரலையா? இந்த மங்கல்ல உனக்கு விரல்கூடத் தெரியுதா?" அக்கா திரைக்கு மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை தங்கையின் இடது கையில் நின்றது. அதில் ஒரு பென்சில் இருந்தது, நாலு விரல்களுக்கு நடுவே. மடியில் பச்சைக் கோடு போட்ட நோட்டு.

"நான்தான்க்கா," என்றாள் தங்கை. "தப்புதான். ஒளிபரப்பான அன்னிக்கே தெரியும். சொல்ல வாய் வரலை. தங்கச்சிங்கிறதால வேலைன்னு பேசுறவங்களுக்கு, வெறும் வாயை மென்னவங்களுக்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிடுமேன்னு..."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, மூக்குக்கண்ணாடி கீழே விழுகிற வரைக்கும் சிரித்தாள்.

"ஏழு மாசமா உள்ளேயே பூட்டி வெச்சிருந்தியா, பைத்தியமே?"

"ஏழு மாசம் பதினோரு நாள்."

"அதையும் குறிச்சு வெச்சிருக்கியா! ஒரே வயித்துல பிறந்து நான் இப்படி, நீ அப்படி." அக்கா அவள் தலையைத் தன் தோளோடு இழுத்து ஒரு குட்டு வைத்தாள். வலிக்காத குட்டு. "சரி, வியாழக்கிழமை நீதான் நிக்கிற. முதல்லேர்ந்தே பிளான் பண்ணினதுன்னு யூனிட்ல சொல்லிடுறேன்."

"வேண்டாம்க்கா. தப்புன்னே சொல்லு. நானே சொல்றேன்."

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

தங்கைக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே இன்னொன்று முளைத்தது. வியாழக்கிழமை கண்ணாடி முன்னால் அவள் நிற்பாள். தொப்பியின் மடிப்பு, பென்சில் பிடி, மழைத் துளி, எல்லாவற்றையும் யார் பார்ப்பது? அன்றும் இதுதானே நடந்தது. பார்க்கிறவள் தன்னை மட்டும் பார்க்கவில்லை. புதிதாக ஒருத்தரைக் கூப்பிட்டால் அவருக்குத் தன் முகவாய் தெரியாது. தன்னைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஒருத்தி இங்கே மேஜைக்கடியில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் காலடியிலேயே கிடந்தது.

தங்கை அதை எடுத்துத் துடைத்து அக்காவுக்கு மாட்டிவிட்டாள். பிறகு, இதுவரை யார் கையிலும் கொடுத்திராத நோட்டை மூடி, பென்சிலை அதன்மேல் வைத்து, மேஜையில் மெதுவாக அவள் பக்கம் தள்ளினாள்.

"அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும், என்னை நீ பார்த்து எழுதுறியாக்கா?"